திரு. கமலவேணிக்குக் கிடைத்த முதல் பரிசு

துப்பறியும் கதை எழுத வந்திருக்கும் தங்கைகளுக்கு,

பிணத்தை எந்த அத்தியாயத்தில் போடுவது, சந்தேகத்தை யார் மேல் திருப்புவது என்பதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் கதைகளைப் படித்திருக்கிறேன். என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் சொல்லப் போவது கதைக்கு வெளியே நடக்கும் களவைப் பற்றி. அப்படி ஒன்று நடக்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. "வயசாயிடுச்சு, இனிமே அதெல்லாம் மறந்துடுங்கக்கா" என்று சொல்கிறவர்களைக் கண்டால் இன்னும் கொஞ்சம் எரிகிறது.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போ நகரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமக்கிரியை அறிவிப்பு என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். அதே ஊரில் சிலிபின் பகுதியில் வாடகை வீடு. கணவர் மாணிக்கம் தமிழ்ப்பள்ளி வாத்தியார். காலையில் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் வந்து எழுதுவேன்.

ஏன் கொலைக் கதை என்று கேட்பார்கள். குடும்பக் கதை எழுதக் கூடாதா, உங்கள் முகத்துக்கு அதுதானே பொருத்தம் என்பார்கள். நான் பிறந்தது செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் பெரட்டில் ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள், பதில் வரவில்லை. போய்ப் பார்த்தால் தொழிலாளர் லயத்து வீட்டில் செத்துக் கிடந்தாள். மத்தியானத்துக்குள் தோட்டமே முடிவு செய்துவிட்டது. "புருசன்கூட சண்ட. புல்லுக்கு அடிக்கிற மருந்தக் குடிச்சிட்டா." கணக்கு எழுதும் கிராணி அப்படிச் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் குடித்தாளா, குடிக்க வைத்தார்களா என்று யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள்தான் என்று ஒரு பேச்சு, அத்தோடு சரி. அந்தக் கோபம்தான் என்னை எழுத வைத்தது. யாராவது ஒருத்தி கேள்வி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அதுதான் 'பெரட்டுக்கு வராதவள்'.

கதையில் கேள்வி கேட்கிறவள் அஞ்சலை. ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவள். ரப்பர் பாலுக்காக மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் இருட்டோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார்கள். எந்தத் தாய் எப்போது வந்தாள், எந்த முகத்தோடு வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். போலீஸ்காரர் அவளை ஒரு சாட்சியாகக்கூட மதிக்க மாட்டார். அவள்தான் கண்டுபிடிப்பாள்.

முதல் அத்தியாயங்களைத் தலைநகரில் ஒரு நாளிதழின் ஞாயிறு மலருக்கு அனுப்பினேன். சில நாளில் அச்சகத்துக்குத் தொலைபேசி வந்தது.

"வணக்கங்க. கமலவேணி சார் இருக்காருங்களா?"

"நாந்தான் கமலவேணி பேசுறேன்."

"இல்லம்மா, கதை எழுதுறவரு. உங்க வீட்டுக்காரரக் கூப்பிடுங்க."

அவர்தான் ஞாயிறு மலர் ஆசிரியர். கிண்டல் செய்யவில்லை, உண்மையிலேயே கேட்டார். இன்றைக்கு உங்களுக்கு இது விளங்காது. அப்போது கொலைக் கதை எழுதிய ஆண்களில் பலர் பெண் பெயரில் எழுதினார்கள். சிலர் மனைவி பெயரையே வைத்துக்கொண்டார்கள். அது ஒரு நாகரிகம். ஆகவே கொலைக் கதைக்கு மேல் பெண் பெயர் இருந்தால் எழுதியவன் ஆண் என்று வாசகர்கள் புரிந்துகொண்டார்கள். பெண் பெயரில் ஒரு பெண்ணே எழுதுவாள் என்பது மட்டும் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. எங்கள் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை, கவனித்தீர்களா?

நான்தான் எழுதினேன் என்று ஆசிரியருக்கு விளங்க வைக்கவே நேரம் பிடித்தது. பிறகு, "சரிம்மா. ஆனா நீங்களா போயி யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஆம்பள எழுதுறான்னு நெனச்சாத்தான் கொலைய நம்புவாங்க" என்றார். நான் பறை அடித்துச் சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டவர்தான் இல்லை.

அந்த மனிதரை முழுக்கத் திட்ட என்னால் முடியாது. என் எழுத்துக்கு முதலில் இடம் கொடுத்தவர் அவர்தான். ஒரே ஒரு விதியும் அவர் சொன்னதுதான். "வாசகன் கண்ணுல காட்டாத எதையும் வச்சு கடைசியில தீர்ப்பு சொல்லாதீங்க. அது மோசடி." நான் இன்றுவரை மீறாத விதி அது. சொன்னவரே அதை மீறச் சொன்ன கதைக்குப் பிறகு வருகிறேன்.

தொடர் நன்றாக ஓடியது. சாப்பாட்டுக் கடையிலும் பஸ்ஸிலும் கொலைகாரன் யார் என்று பேசிக்கொண்டார்கள். கிராணிதான் என்று பாதிப் பேர் சத்தியமே செய்தார்கள். இன்னும் ஓர் அத்தியாயம் மட்டும் மிச்சம் இருந்தபோது, எங்கள் வட்டாரத்து எழுத்தாளர் சங்கம் ஒன்று அந்த ஆண்டின் சிறந்த தொடருக்கான முதல் பரிசை அதற்கு அறிவித்தது. முடியாத கதைக்கு எப்படிப் பரிசு என்கிறீர்களா? விழாவுக்குத் தலைமை தாங்கும் பிரமுகர் அதற்குப் பிறகு ஊரில் இருக்க மாட்டாராம். இலக்கியம் அவருடைய பயணத்துக்காகக் காத்திருக்க முடியுமா?

சங்கச் செயலாளர் மாலையோடு நேராக என் கணவரின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். இவர் பதறிப்போய், "சார், நான் எழுதல. என் வீட்டுக்காரம்மாதான் எழுதுறாங்க" என்றிருக்கிறார். செயலாளர் மற்ற ஆசிரியர்களைப் பார்த்துத் திரும்பி, "பாத்தீங்களா, எவ்ளோ அடக்கம்! பேரையும் மனைவிக்குக் குடுத்து, பெருமையையும் மனைவிக்கே குடுக்கிறாரு" என்றாராம். எல்லோரும் கை தட்டினார்களாம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் முகம் செத்துப்போயிருந்தது. "நான் இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல நல்லவனாயிட்டே போறேன், கமலா. சுசாலா, பெரிய தொல்ல!" என்றார். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு மறுவாரமே நின்றுவிட்டது. விழா அழைப்பிதழ் அச்சடிக்க எங்கள் அச்சகத்துக்கே வந்தது. அதை என் மேசையில் வைத்தார்கள். 'முதல் பரிசு பெறுபவர்: திரு. கமலவேணி (ஆசிரியர் மாணிக்கம்)' என்று எழுதியிருந்தது. அதன் கீழே நடுவர்களின் பாராட்டு: 'ஆணுக்கே உரிய கூரிய அறிவோடு பின்னப்பட்ட கதை.' அதையும் நான்தான் கோர்க்க வேண்டும்.

நான் 'திருமதி கமலவேணி' என்று கோர்த்தேன். அடைப்புக்குறியை விட்டுவிட்டேன். திருத்தம் பார்க்க வந்த செயலாளர் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னாண்ணி, தப்பா கோத்திருக்கீங்க?"

"தப்பில்லண்ணே. நான்தான் கமலவேணி. நான்தான் எழுதுறேன்."

அவர் என் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணிக்கு ஆசை வந்துருச்சு. பரவால்ல, அண்ணனோட பரிசுல உங்களுக்கும் பங்கு இருக்குலா, யாரு இல்லன்னா? விழாவுக்கு நல்ல சேலையா கட்டிக்கிட்டு வாங்க. மேடையில தட்டு எடுத்துக் குடுக்கப் பொம்பள ஆளு வேணும்."

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் நிற்கும்போது அவருக்கு வேறு யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். "கமலா, எழுதிக் குடுத்ததக் கோக்கிறதுதான் நம்ம வேல. அந்த 'மதி'ய எடுத்துடும்மா" என்றார்.

எடுத்தேன். என் கையாலேயே மதியை எடுத்துப் பெட்டியில் போட்டேன். ஏன் அங்கேயே சண்டை போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அச்சகத்தில் நான் கத்தியிருந்தால் அந்தச் சத்தம் இயந்திரச் சத்தத்தோடு கலந்து போயிருக்கும். 'கமலாவுக்குக் கோவம்' என்று இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். மண்டபத்தில் என் வாசகர்கள் இருப்பார்கள். எங்கே பேசினால் விழுங்க முடியாதோ அங்கே பேச வேண்டும். கோபத்தை அதுவரைக்கும் அணையாமல் வைத்திருக்கப் பழக வேண்டும். அன்றைக்கு எனக்கு அது பெரும்பாடாகத்தான் இருந்தது.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. பக்கத்து ஊரான லகாட்டிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். பாதிப் பேர் பரிசைப் பார்க்க வரவில்லை. கொலைகாரன் யார் என்று எழுத்தாளர் வாய் தவறிச் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் வந்தார்கள். நுழைந்த உடனேயே இவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள். கழற்றக் கழற்ற மறுபடியும் போட்டார்கள். என் கையில் தட்டைக் கொடுத்தார்கள். அதில் பொன்னாடையும் கேடயமும் இருந்தன. கேடயத்திலும் திரு.

இவரை மேடைக்கு அழைத்தார்கள். பிரமுகர் எழுந்து கையை நீட்டினார். நான் அவர் பக்கத்தில் நின்றேன், தட்டை நீட்டவில்லை.

"தட்டக் குடும்மா" என்றார் செயலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"குடுக்க மாட்டேன்."

"அண்ணி, எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். இது என்னோடது."

ஒலிபெருக்கி பக்கத்தில்தான் இருந்தது, மண்டபம் முழுவதும் கேட்டுவிட்டது. சலசலப்பு எழுந்தது. யாரோ ஒருவர் "புருசன் பொண்டாட்டி சண்டைய வீட்டுல வச்சுக்குங்க" என்றார். சிரிப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அழுதால் முடிந்தது கதை. ஒலிபெருக்கியைப் பார்த்துச் சொன்னேன்:

"இவருதான் எழுதினாருன்னா, கொல செஞ்சது யாருன்னு இவரையே கேளுங்க. சத்தமா வேண்டாம், செயலாளர் காதுல மட்டும் இவரு சொல்லட்டும்."

சிரித்தவர்களே இவர் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் எல்லோருக்கும் விடை வேண்டியிருந்தது. இவர் மாலையைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. எவ்ளோ கெஞ்சிட்டேன், சொல்ல மாட்டேங்கிறா. ஸ்கூல்ல போயி ஒளறிடுவேனாம். நானும் ஞாயித்துக்கிழம பேப்பர் வாங்கித்தான் படிக்கிறேன்."

இந்த முறை அடக்கம் என்று யாரும் சொல்லவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "அப்ப நீங்க சொல்லுங்கக்கா, யாரு? கிராணிதானே?" என்று கத்தினாள். "ஞாயித்துக்கிழம பாரும்மா" என்றேன். பெண்கள் பக்கமிருந்து வந்த சிரிப்பும் கைதட்டலும் எனக்கு இன்னும் கேட்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நடுவர்கள் மூவரும் திரைக்குப் பக்கத்தில் போய்க் கூடிப் பேசினார்கள். திரும்பி வந்த செயலாளர் அறிவித்தார். எதிர்பாராத சூழ்நிலை காரணமாக இந்த ஆண்டு முதல் பரிசு நிறுத்தி வைக்கப்படுகிறது. வளரும் பெண் எழுத்தாளரை உற்சாகப்படுத்தும் வகையில் திருமதி கமலவேணிக்கு ஊக்கப் பரிசு வழங்கப்படும். தட்டில் இருந்த கேடயத்தை எடுத்துக்கொண்டு பொன்னாடையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

தலைமை நடுவர் என்னைக் கடந்து போனபோது தடுத்தேன். நிறையப் படித்தவர், மேடையில் மெதுவாகப் பேசுவார், எல்லோரும் காலில் விழுவார்கள்.

"ஐயா, நான் எழுத்துக் கோக்கிறவ. அதனால கேக்கிறேன். காலையில முதல் பரிசு வாங்கின கதை. இப்ப ஊக்கப் பரிசு. இடையில எந்த எழுத்து மாறிப்போச்சு?"

அவர் கோபப்படவில்லை. கனிவாகத்தான் சொன்னார். "பெண் எழுதினதுன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா, வேற மாதிரிப் படிச்சிருப்போம்மா."

அவ்வளவு நேர்மையாக அவர் வாழ்க்கையில் வேறு எதையும் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. பொன்னாடையைத் தட்டோடு மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். செய்தித்தாளில் மாலையோடு இவர் படம்தான் வந்தது. கீழே 'எழுத்தாளர் கமலவேணி' என்று போட்டிருந்தார்கள்.

இனிதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. யார் கொலை செய்தது என்பது என் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. என் கதையில் கொலைகாரி ஒரு பெண். செத்தவளின் பக்கத்து வீட்டுக்காரி, உயிர்த் தோழி.

விழா முடிந்து வந்த கோபத்தில் இவர், "அந்தச் செயலாளரயே கொலகாரனாப் போடு கமலா" என்றார். சிரித்தேன். ஆனால் மனசுக்குள் கிராணியைத் தூக்கில் போட்டுவிடத் துடித்தேன். பெயர் கூப்பிடுகிறவன், பெயரை அடிக்கிறவன், அவள் ஏன் செத்தாள் என்று தீர்ப்புச் சொன்னவன். அவனும் அந்த நடுவரும் எனக்கு ஒரே முகமாகத் தெரிந்தார்கள். கொலைகாரி அந்தத் தோழிதான் என்று தொலைபேசியில் சொன்னதும் ஆசிரியரும் கிராணியைத்தான் கேட்டார்.

"கிராணியவே மாட்டிவிட்டுடுங்கம்மா. எல்லாரும் அதத்தான் எதிர்பாக்கிறாங்க. இப்ப நீங்கதான் எழுதுறீங்கன்னும் தெரிஞ்சுபோச்சு. பொம்பளயே பொம்பளயக் கொலகாரியாக்கினா நல்லாவா இருக்கும்?"

"சார், நாலாவது வாரம் அஞ்சலை கொட்டகையில என்னா பாத்தா?"

அவர் யோசித்தார். நினைவு வரவில்லை. நான் சொன்னேன். நாலாவது வாரம், அந்தக் காலையில், பக்கத்து வீட்டுக்காரி இரண்டு பிள்ளைகளைக் கொட்டகைக்குக் கொண்டுவருகிறாள். ஒன்று அவளுடையது, ஒன்று செத்தவளுடையது. பெரட்டில் இன்னும் பெயர் கூப்பிடவே இல்லை. அந்தப் பிள்ளையின் தாய் வர மாட்டாள் என்று கொன்றவளைத் தவிர அப்போது யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கி வருவது நல்ல பெண் செய்கிற காரியம் என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். கிராணிக்கு எதிராக அப்படி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அவனை எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

"காட்டாதத வச்சு தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.

"அது வேறம்மா" என்றார்.

வேறு இல்லை. அந்த நடுவர்கள் என்ன செய்தார்கள்? கதையில் இல்லாத ஒன்றை வைத்துத் தீர்ப்பை மாற்றினார்கள். என் ஆத்திரத்துக்காக நானும் தீர்ப்பை மாற்றினால் அவர்களும் நானும் ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். தோழிதான் கொலைகாரி. ஆசிரியர் முணுமுணுத்தார், ஆனால் ஒரு சொல்லையும் மாற்றாமல் போட்டார்.

அந்த வாரம் மண்டபத்தில் கத்திய அதே பெண் அச்சகத்துக்கே வந்துவிட்டாள். லகாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். "என்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தக் கிராணிய விட்டுட்டு ஒரு பொம்பளயப் போயி?" என்று வாசலில் நின்று சண்டைக்கு வந்தாள். நன்றாகத் திட்டினாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு புள்ளயத் தூக்கிட்டு வந்தா. நான் படிச்சேன். என் கண்ணுல படலியே" என்றாள். பழைய இதழைத் தேடி மறுபடி படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் நான் 'அதுதான் எனக்குக் கிடைத்த உண்மையான பரிசு' என்று எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். எழுத மாட்டேன். அவள் வந்தது சந்தோஷம்தான். ஆனால் வாசகியின் அன்பு வேறு, முதல் பரிசு வேறு. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தன. ஆண்களுக்கு இரண்டும் கிடைத்தன. அன்பு போதும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த முதல் பரிசு இன்னும் எனக்கு வர வேண்டியதுதான்.

இப்போது நீங்கள் ஆணும் பெண்ணும் சேர்ந்து போட்டியிடும்படி துப்பறியும் கதைகளுக்கென்று ஒரு விருது தொடங்குகிறீர்கள். என்னை நடுவராக அழைத்திருக்கிறீர்கள், வருகிறேன். மற்ற நடுவர்களில் ஆண்களும் இருப்பதால், யாரும் ஓரவஞ்சனை செய்யாதபடி எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கதைகளைத் தரப் போவதாக எழுதியிருந்தீர்கள். நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் அதை மட்டும் செய்யாதீர்கள். எழுதியது பெண் என்று தெரியாதவரைக்கும் எனக்கும் முதல் பரிசுதான் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு கதைக்கு மேலும் எழுதியவரின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். பெண் பெயரைப் பார்த்துக்கொண்டே படித்துவிட்டு நேர்மையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாதவர், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம். மறைக்க வேண்டியது உங்கள் பெயரை அல்ல.